இல்லமும் சட்டமும்: வெட்டுமுன் கேட்க வேண்டும்



சென்ற மாதம் ஒரு நாள் பின்னேரம், பக்கத்து வீட்டு இளம் தாய் கையில் ஒரு கடதாசியுடன் வந்தாள். இடுப்பில் பிள்ளை. முகத்தில் கலக்கம்.

"ராத்தா, இதக் கொஞ்சம் பாருங்க. வழமையா வாறதப் போல ஆறு மடங்கு தண்ணி பில் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டாட்டி வெட்டுவாங்களாம். நாங்க பாவிக்காத தண்ணிக்கு எப்படிக் கட்டுற?"

"கந்தோருக்குப் போய்க் கேட்டீங்களா?" என்றேன்.

"ரெண்டு தரம் போனேன். மொதல்ல கட்டுங்க, பொறகு பார்ப்போம் எண்டு சொல்லுறாங்க. அதுக்கு மேல ஒண்டும் சொல்லுறாங்க இல்ல."

பில்லை வாங்கிப் பார்த்தேன். பிறகு அவளுடைய வீட்டு வாசலுக்குப் போய் மீற்றரையும் பார்த்தேன். மீற்றர் காட்டிய எண், பில்லில் எழுதியிருந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தது. முன்னோக்கி மட்டும் ஓடும் மீற்றரில் இது நடக்க முடியாத காரியம். யாரோ ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் இலக்கத்துக்காக ஒரு வீட்டின் குழாய் அடைபடப் பார்த்தது.

தண்ணீர் நின்றால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசி களைவது, பிள்ளையைக் கழுவுவது, வுழூச் செய்வது, நோயாளிக்கு உடுப்புத் துவைப்பது எல்லாமே அந்த ஒரு குழாயில்தான் தொங்குகின்றன. வாளியைத் தூக்கிக்கொண்டு அயல் வீட்டுக்குப் போவதும், கந்தோரில் வரிசையில் நிற்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆகவே தண்ணீர் வழங்கும் ஒரு சபைக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, அந்த அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்ற கேள்வி நம்முடைய கேள்வியும்தான்.

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதிலைத் தந்த வழக்கு ஒன்று, ஐக்கிய அமெரிக்காவில் இதே போன்ற பில் பிரச்சினையில் அகப்பட்ட ஒரு குடும்பத் தலைவியால் வந்தது. இம்மாதம் அவருடைய கதையைச் சொல்கிறேன்.

தண்ணீருக்கென்று ஒரு சபை

முதலில் அந்நாட்டு ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் குழாய் நீர் வழங்குவது ஒரே ஒரு தேசிய சபை அல்ல. சில நகரங்களில் மாநகர சபையே வழங்குகிறது. சில இடங்களில் தனியார் கம்பனி. இன்னும் பல இடங்களில் தண்ணீருக்கென்றே தனியாக அமைக்கப்பட்ட உள்ளூர்ச் சபைகள் இருக்கின்றன. நீர் மாவட்டம், பயன்பாட்டுச் சேவை மாவட்டம் என்று இவற்றைச் சொல்லலாம். மாவட்டம் என்றதும் நம்முடைய கண்டி மாவட்டம், அம்பாறை மாவட்டம் போல நினைத்துவிட வேண்டாம். இவற்றில் சில, நம்முடைய ஒரு கிராம சேவகர் பிரிவு அளவுதான் இருக்கும். தண்ணீர், தீயணைப்பு, வடிகால், வைத்தியசாலை என்று ஏதாவது ஒரு வேலைக்காக மட்டும் அமைந்த இத்தகைய சிறப்புச் சபைகள், 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் 38,000க்கு மேல் இருந்தன.

சிறிய சபைதானே என்று அலட்சியமாக நினைக்க முடியாது. டெனசி மாநிலத்தில் 1937ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பயன்பாட்டுச் சேவை மாவட்டச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன்படி அமைந்த சபை கட்டணத்தை நிர்ணயிக்கலாம். கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டலாம். குழாய் போடவும் தாங்கி கட்டவும் தனியார் காணியை நட்டஈடு கொடுத்துச் சுவீகரிக்கலாம். தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். வரி அறவிடும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை. டெக்சாஸ் மாநிலத்திலோ இத்தகைய மாவட்டங்கள் வீடு, காணி மீது வரியும் அறவிடுகின்றன. தண்ணீர் பில் வேறு, குழாய் போட வாங்கிய கடனை அடைக்கும் வரி வேறு என்று இரண்டையும் வீட்டுக்காரர் கட்டுகிறார்.

இவ்வளவு அதிகாரங்களுக்குள்ளும் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு நேரடியாகத் தெரிகிற அதிகாரம் ஒன்றுதான். பணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். அது அவசியமான அதிகாரமும்தான். கட்டுகிறவர்களின் பணத்தில்தான் எல்லோருக்கும் தண்ணீர் வருகிறது. யாரும் கட்டாமல் விட்டால் பம்பு ஓடாது. ஆனால் பணம் உண்மையிலேயே கடனா, அல்லது சபையின் பிழையா என்பதில் தகராறு இருக்கும்போது, கேள்வி கேட்காமலே வெட்டலாமா? இங்கேதான் அந்த வழக்கு வருகிறது.

ஒரு வீட்டுக்கு இரண்டு பில்

டெனசி மாநிலத்தின் பெரிய நகரங்களில் ஒன்று மெம்பிஸ். அங்கே மின்சாரம், சமையலுக்கும் வீட்டைச் சூடாக்கவும் வேண்டிய எரிவாயு, தண்ணீர் ஆகிய மூன்றையும் வழங்குவது நகரத்துக்குச் சொந்தமான ஒரே நிறுவனம். மெம்பிஸ் மின், எரிவாயு, நீர்ப் பிரிவு என்பது அதன் பெயர். அது நகரத்தின் ஒரு பிரிவே தவிர, மேலே சொன்ன மாவட்டச் சபை அல்ல. ஆனாலும் இரண்டும் பொதுச் சபைகள் என்பதால் இந்தத் தீர்ப்பு இரண்டுக்குமே பொருந்தும்.

1972ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஒரு தம்பதியினர் மெம்பிஸ் நகரில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்கள். அந்த வீடு முன்னர் இரண்டு குடும்பங்கள் இருந்த இரட்டை வீடு. ஆகவே மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இரண்டிரண்டு மீற்றர்கள் இருந்தன. தண்ணீருக்கு ஒன்றுதான். இரண்டாவது தொகுதி மீற்றர்கள் வேலை செய்வதில்லை என்று வீட்டை விற்றவர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள்.

அடுத்த ஆண்டு அவர்களுக்கு மாதம் இரண்டு பில்கள் வரத் தொடங்கின. ஒன்று கணவரின் சரியான பெயரில். மற்றது நடு எழுத்து மட்டும் மாறிய பெயரில். இரண்டு பில்லிலும் நகரச் சேவைக் கட்டணம் வேறு.

1973 ஒக்டோபரில் மீற்றர் பார்க்க வந்தவர் சொல்லித்தான் இரண்டு தொகுதி மீற்றர்களும் ஓடுகின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்தது. உடனே தங்கள் செலவில் ஆளைப் பிடித்து மீற்றர்களை ஒன்றாக்கச் செய்தார்கள். செய்தவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. அதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே 1974 ஜனவரி வரை இரண்டு பில்களும் வந்துகொண்டே இருந்தன. இந்தக் காலத்துக்குள் அவர்களுடைய இணைப்பு ஐந்து தடவைகள் துண்டிக்கப்பட்டது.

அந்த மனைவி வேலைக்குப் போகிறவர். வேலையை விட்டுவிட்டுப் பல தடவைகள் அந்தக் கந்தோருக்குப் போனார். ஏன் இரண்டு பில் வருகிறது என்று கேட்டார். திருப்தியான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து யாரிடம் போக வேண்டும் என்றும் எவரும் சொல்லவில்லை. அவர் நல்லெண்ணத்துடனேயே விடை தேடினார் என்பதைப் பின்னர் விசாரணை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இப்படியான முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கு அந்த நிறுவனத்துக்குள் அலுவலர்கள் இல்லாமல் இல்லை. இருந்தார்கள். ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை இறுதி அறிவித்தலில் அச்சிடவில்லை. கவுண்டரில் இருந்தவர்களும் சொல்லவில்லை. பணத்தைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வெட்டுவோம் என்பது மட்டும் அறிவித்தலில் இருந்தது. வழி இருந்தும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது என்றால், வெளியில் நிற்பவருக்கு அது இல்லாததற்குச் சமம்தானே?

ஆறு பேர் சொன்னதும் மூன்று பேர் சொன்னதும்

தம்பதியினர் வழக்குத் தொடர்ந்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் தேவையற்ற கட்டணங்களுக்கும் செலவுகளுக்கும் ஈடாக ஏதாவது கொடுப்பது நல்லது என்று அந்த நீதிமன்றம் கருத்துச் சொன்னது. நிறுவனம் அவர்களுடைய கணக்கில் 35 டொலர் வரவு வைத்தது. மேன்முறையீட்டில் தம்பதியினர் வென்றார்கள். நிறுவனம் விடாமல் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. 1978 மே மாதம் 1ஆம் திகதி அங்கே தீர்ப்பு வந்தது. ஆறு நீதியரசர்கள் குடும்பத்தின் பக்கம். மூவர் எதிர்ப்பக்கம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் லூயிஸ் பவெல். அவருடைய தர்க்கத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். டெனசி மாநிலச் சட்டத்தின்படி தகுந்த காரணம் இன்றி ஒருவருடைய இணைப்பைத் துண்டிக்க முடியாது. கட்டணத்தில் நியாயமான தகராறு இருக்கும்போதும் துண்டிக்க முடியாது. அப்படியானால் தொடர்ந்து சேவை பெறுவது சபை விரும்பினால் கொடுக்கும் சலுகை அல்ல. அது வாடிக்கையாளரின் உடைமை போன்ற உரித்து. அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தின்படி, அரசு சார்ந்த எந்தச் சபையும் ஒருவருடைய உடைமையை முறையான நடைமுறை இல்லாமல் பறிக்க முடியாது.

முறையான நடைமுறை என்றால் என்ன? பெரிய நீதிமன்ற விசாரணை வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. இரண்டு காரியங்கள் போதும். முதலாவது, துண்டிப்பு அறிவித்தலிலேயே, பில் பிழை என்று நினைத்தால் எங்கே, எப்படி முறையிடலாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, துண்டிப்பதற்கு முன்னர், பிழையைத் திருத்தும் அதிகாரமுள்ள ஓர் அலுவலரைச் சந்தித்துப் பேசச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். கேட்டுவிட்டு "எனக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லும் ஆளைச் சந்திப்பது இதில் சேராது.

வெட்டிய பிறகு வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாமே என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இத்தகைய பில்களின் தொகை பெரும்பாலும் சிறியது. அதற்காகச் சட்டத்தரணி பிடிக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? தண்ணீரும் வெப்பமும் சிறிது காலம் நின்றாலும் உடல்நலத்துக்கு ஆபத்து. பிறகு கிடைக்கும் பணம் அந்த நாட்களைத் திருப்பித் தராது.

மறுபக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். மாறுபட்ட மூவரின் சார்பில் நீதியரசர் ஜோன் போல் ஸ்டீவன்ஸ் எழுதினார். பில் பிழை என்று நினைக்கும் எவரும் கந்தோருக்குப் போய்ச் சொல்லலாம் என்பது சொல்லாமலே தெரிந்த விடயம், நீதிமன்றக் கதவும் திறந்தே இருக்கிறது, அரசியலமைப்பை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை என்பது அவர்களின் நிலைப்பாடு. படித்தவருக்கு அது சரியாகத் தோன்றலாம். கவுண்டரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு ஆறு பேரின் பேச்சுத்தான் விளங்கும்.

தீர்ப்பின் எல்லைகள்

இந்தத் தீர்ப்பால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்று எல்லைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, குழாய் யாருக்குச் சொந்தம் என்பது. அதற்கு முன்னர், 1974 டிசம்பரில், பென்சில்வேனியா மாநிலத்தின் யோர்க் நகரைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் அதே உயர் நீதிமன்றம் எதிராகத் தீர்ப்பளித்தது. அறிவித்தல் கொடுக்காமல், தன் பக்கத்தைக் கேட்காமல் மின்சாரத்தை வெட்டினார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. ஆனால் அவருக்கு மின்சாரம் வழங்கியது தனியார் கம்பனி. 14ஆவது திருத்தம் அரசையும் அரசு சார்ந்த சபைகளையும்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வீடுகளிலும் துன்பம் ஒன்றுதான். சபை பொதுச் சபையா, தனியாரா என்பதில்தான் முடிவு மாறியது. தண்ணீர்ச் சேவையைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்று எங்கே பேச்சு வந்தாலும், விலையைப் பற்றி மட்டும் கேட்காமல், முறையிடும் உரிமை என்னவாகும் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இரண்டு, கேட்கப்படும் உரிமை வேறு, தண்ணீருக்கான உரிமை வேறு. 2014ஆம் ஆண்டு வங்குரோத்து நிலையில் இருந்த டெட்ரொயிட் நகரம், பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கான வீடுகளின் தண்ணீரைத் துண்டித்தது. ஆறு மாதத்துக்காவது நிறுத்தி வையுங்கள் என்று மக்கள் நீதிமன்றம் போனார்கள். துண்டிப்பால் வரும் கேட்டை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் பெறுவதற்குச் சட்டத்தில் நிலைநாட்டக்கூடிய உரிமை இல்லை என்று அந்த ஆண்டு செப்டெம்பரில் மறுத்துவிட்டார். 2016இல் மேன்முறையீடும் தோற்றது. இத்தனைக்கும் 2010 ஜூலை 28ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அமெரிக்கா அந்த வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தது.

மூன்று, வாடகைக் குடியிருப்பாளர் நிலை. வீட்டுக்காரர் பில் கட்டவில்லை, தண்டனை குடியிருப்பவருக்கு. இந்த அநியாயத்தைக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் ஓரளவு தடுத்தன. 1974இல் அட்லாண்டா நகரத்தைப் பற்றிய வழக்கில், குடியிருப்பவருக்கு அறிவிக்காமல் வெட்டியதும், வேறொருவரின் கடனுக்காக அவருக்குத் தண்ணீர் மறுத்ததும் பிழை என்று முடிவானது. 1995இல் சியாட்டில் நகரத்துக்கும் அதே பாடம் கிடைத்தது. முன்பு இருந்தவர் வைத்த பாக்கிக்காகப் புதிதாகக் குடிவந்தவருக்குத் தண்ணீர் மறுக்கக் கூடாது.

நீதிமன்றம் விட்ட இடைவெளியைச் சட்டமன்றங்கள் நிரப்பலாம். கலிபோர்னியா 2018இல் இயற்றி 2020 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் அதற்கு உதாரணம். அதன்படி பாக்கி 60 நாளாவது நீண்டிருந்தால்தான் ஒரு வீட்டின் தண்ணீரை வெட்டலாம். பில்லைப் பற்றிய முறையீடு விசாரணையில் இருக்கும்வரை வெட்டக் கூடாது. வெட்டுவது பற்றிய கொள்கையை ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்தால் போதாது. ஸ்பானியம், சீனம், தகாலொக், வியட்நாமியம், கொரிய மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். விளங்காத மொழியில் வந்த கடதாசியை யாரிடம் கொண்டுபோய் வாசிப்பிப்பது என்று தவித்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

நம் வீட்டு வாசலில்

மெம்பிஸ் தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.  ஆனால் அந்தப் பெண் பட்ட பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு.

பில் வந்த அன்றே மீற்றரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீற்றர் இலக்கம், கணக்கு இலக்கம், பெயர், முன்னைய எண், இப்போதைய எண் என்ற ஐந்தையும் பார்த்தால் போதும். புதிய வீட்டுக்குக் குடிபோனால் முதல் நாளே மீற்றர் எண்ணை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். பழைய பில்களை எறியாதீர்கள்.

பிழை கண்டால் வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள். வழமையாக வரும் தொகையைக் கட்டிவிட்டு, மிகுதியைப் பற்றித்தான் தகராறு என்று எழுதினால் உங்கள் நேர்மை தெரியும். கவுண்டரில் இருப்பவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவருக்குத் திருத்தும் அதிகாரம் இருக்காது. "இதைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு? அவரை எப்போது சந்திக்கலாம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த மெம்பிஸ் பெண்ணுக்கு ஐந்து துண்டிப்புகளுக்குப் பிறகும் கிடைக்காத விடை இதுதான்.

பக்கத்து வீட்டுக்காரியும் நானும் அன்றிரவே ஒரு கடிதம் எழுதினோம். பெரிய கடிதமல்ல, பத்து வரிகள். மீற்றரில் உள்ள எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். ஆள் அனுப்பிப் பார்க்கும்வரை வெட்ட வேண்டாம் என்று கேட்டோம். அடுத்த நாள் காலை அவள் அதைக் கொண்டுபோனாள். இந்த முறை கவுண்டரில் நிற்காமல், அதிகாரி யார் என்று கேட்டு உள்ளே போயிருக்கிறாள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அவர் கடதாசிய வாசிச்சுப் போட்டு, ஏன் மொதல்லயே இப்படி எழுதித் தரல்ல எண்டு கேட்டார் ராத்தா. எனக்கிட்ட ஒருத்தரும் எழுதித் தரச் சொல்லல்லயே எண்டு சொன்னேன்."

மறு வாரம் ஆள் வந்து மீற்றரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். திருத்திய பில் இதை எழுதும்வரை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எவரும் வெட்ட வரவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.